வீஎம்மைப் படுக்க வைச்சா ஹோஸ்ட் ஏன் இறுகுது?

2025 ஓகஸ்ட் 9, இரவு 9.40
சுன்னாகத்திலயிருந்து ஒரு தம்பியின்ர கேள்வி (வீஎம் எண்டா ஒரு கொம்பியூட்டருக்குள்ள ஓடுற இன்னொரு கொம்பியூட்டர், ஹோஸ்ட் எண்டா அதைச் சுமக்கிற உண்மைக் கொம்பியூட்டர், கேவிஎம் எண்டா லினக்ஸில வீஎம் ஓட்டுற வசதி, விர்ஷ் சேவ் எண்டா வீஎம்மின்ர மெமறியைக் கோப்பில எழுதிப்போட்டு அதை நிப்பாட்டுற கட்டளை):

"அண்ணை, 16 ஜிபி றாம், உபுண்டு ஹோஸ்ட், கேவிஎம். அதுக்குள்ள 8 ஜிபி குடுத்து ஒரு விண்டோஸ் வீஎம். கரண்ட் போனா யூபிஎஸ் தாங்கிற நேரத்துக்குள்ள விர்ஷ் சேவ் அடிச்சுப் படுக்க வைக்கிறன். சேவ் ஓடேக்க ஹோஸ்ட் அப்பிடியே இறுகிப் போகுது, மவுஸ் கூட அசையாது. திருப்பி எழுப்பின பிறகும் மற்றதெல்லாம் கனநேரம் மந்தம். றாம் காணாதோ? இன்னொரு 16 வாங்கிப் போடட்டோ?"

2025 ஓகஸ்ட் 9, இரவு 10.25

வாங்காதேங்கோ. வாங்கினாலும் உந்தக் கரைச்சல் போகாது.

வீஎம்மின்ர 8 ஜிபி றாமும் சேவ் செய்யேக்க ஒரு கோப்பாப் போகுது. அந்தக் கோப்பை ஒருக்கா எழுதுவம், ஒருக்கா வாசிப்பம், பிறகு எறிவம். லினக்ஸுக்கு அந்தக் கதை தெரியாது. எந்தக் கோப்பை எழுதினாலும் "இவர் திரும்பக் கேப்பார்" எண்டு நினைச்சு பேஜ் கேஷில, அதாவது கோப்புகளுக்கெண்டு றாமில பிடிக்கிற இடத்தில, வைச்சிருக்கும். கலியாண வீட்டுக்கு வாடகைக்கு எடுத்த கிடாரத்தைக் கொண்டுவந்து குசினிக்குள்ள நட்டநடுவில வைச்ச மாதிரி. அது இருக்கிறதால அடுப்படிச் சாமான் எல்லாம் வெளியில போகும்.

உங்கட ஹோஸ்டில கணக்கைப் பாருங்கோ. வீஎம் ஏற்கெனவே 8 ஜிபி பிடிச்சிருக்கு. சேவ் கோப்பு கேஷில இன்னொரு 8 ஜிபி கேக்குது. 16 சரி. பிறவுசர் எங்க இருக்கிறது?

விர்ஷ் சேவ் கட்டளையில --பைபாஸ்-கேஷ் எண்டு ஒரு சொல்லைச் சேர்த்து விடுங்கோ. றீஸ்ரோர் (திருப்பி எழுப்பிறது), மனேஜ்ட்சேவ் (கோப்பை எங்க வைக்கிறது எண்டதைத் தானே பாக்கிற சேவ்), ஸ்ராட், டம்ப் எல்லாத்துக்கும் அது இருக்கு. லிப்வேர்ட் (விர்ஷுக்குப் பின்னால நிண்டு வீஎம்மை மேய்க்கிற புறோகிறாம்) 0.9.4 காலத்திலயிருந்து இருக்கிற வசதி. 2011 எண்டு நினையுங்கோ. அதைப் போட்டா கோப்பு ஓ-டிரெக்ட் வழியால, கேஷைத் தொடாம நேர டிஸ்க்குக்குப் போகும்.

ஹோஸ்டை நிப்பாட்டேக்க தானாச் சேவ் ஆகிறது எண்டா லிப்வேர்ட்-கெஸ்ற்ஸ் அமைப்புக் கோப்பில பைபாஸ்_கேஷ் எண்டு ஒரு வரி கிடக்கும். அதை 1 ஆக்குங்கோ. ஓன்_ஷட்டவுன் எண்டதில சஸ்பெண்ட் எண்டு இருக்கோணும்.

2025 ஓகஸ்ட் 10, காலை 7.10

இரவு எழுதினதில கொஞ்சம் மிகைப்படுத்திப் போட்டன். "அடுப்படிச் சாமான் எல்லாம் வெளியில போகும்" எண்டது முழு உண்மையில்லை. லினக்ஸ் கேஷில ரெண்டு வரிசை வைச்சிருக்கு. ஒருக்காத் தொட்ட பக்கம் (மெமறியின்ர 4 கேபி துண்டு) பின் வரிசையில நிக்கும், திரும்பத் தொட்டதுதான் முன் வரிசைக்கு வரும். சேவ் கோப்பு ஒருக்கா மட்டும் எழுதுப்படுறதால அது பின் வரிசையிலயே நிண்டு, இடம் தேவைப்பட்டா முதல் ஆளா வெளியில போகோணும். புத்தகத்தில அப்பிடித்தான்.

நடப்பில, 8 ஜிபி ஒரே மூச்சில வந்து இடிக்கேக்க, கனநேரம் தொடாமக் கிடந்த வேற புறோகிறாமின்ர மெமறி ஸ்வப்புக்கு (றாம் காணாட்டி டிஸ்க்கில பாவிக்கிற இடம்) போயிடும். பிறகு நீங்கள் அந்த விண்டோவை அமத்தினா அது டிஸ்க்கிலயிருந்து ஆறுதலா எழும்பி வரும். தம்பி சொன்ன மந்தம் அதுதான் எண்டு நினைக்கிறன். எழுப்பின பிறகு எண்டபடியா இன்னும் மோசம், ஏனெண்டா வாசிக்கேக்கயும் அதே 8 ஜிபி கேஷுக்குள்ள வருது.

2025 ஓகஸ்ட் 10, மத்தியானம்

மவுஸ் அசையாத விசயம் வேற. அது மெமறி இல்லாமப் போறதாலயில்லை, டிஸ்க்குக்கு முன்னால வரிசை கட்டுறதால.

எழுதிற தரவு முதல் றாமில "அழுக்குப் பக்கமா" நிக்கும். அது மெமறியில 10 வீதத்தைத் தாண்டினா பின்னணியில எழுதத் துவங்கும். 20 வீதத்தைத் தொட்டா எழுதுற ஆளையே பிடிச்சு நிப்பாட்டும், "முதல் உள்ளதை எழுதி முடி" எண்டு. லினக்ஸ் அமைப்பில விஎம்.டேர்ட்டி_பக்ரவுண்ட்_றேஷியோ (10), விஎம்.டேர்ட்டி_றேஷியோ (20) எண்ட ரெண்டு எண்ணும் அதுதான். இங்க விஎம் எண்டது மெமறியைக் குறிக்குது, எங்கட வீஎம்மையில்லை. இந்த வீதம் கைவசம் உள்ள மெமறியில, மொத்தத்தில இல்லை. எண்டாலும் 10 ஜிபி கைவசம் இருந்தா 2 ஜிபி அழுக்கு சேரும். பழைய சுத்துற டிஸ்க் செக்கனுக்கு 100 எம்பி எழுதினா 20 செக்கன் வேலை வரிசையில நிக்குது. அதுக்குள்ள வேற ஆர் ஒரு சின்னக் கோப்பைச் சேமிக்கப் போனாலும் அவரும் அந்த வரிசைக்குப் பின்னாலதான். நல்லூர்த் திருவிழா நேரம் பருத்தித்துறை வீதியால போகப் பாக்கிற மாதிரி. உங்கட அலுவல் ரெண்டு நிமிசம், ஆனா றோட்டு மூடிக் கிடக்கு.

நான் என்ர ஹோஸ்டில வீதத்தை விட்டிட்டு விஎம்.டேர்ட்டி_பைட்ஸ் எண்டதில 256 எம்பி போட்டிருக்கிறன். பைட்ஸ் போட்டா றேஷியோ தானாச் சுழியம் ஆகும், பயப்பிட வேண்டாம். பைபாஸ் போட்டாச்சு எண்டா சேவுக்கு இது தேவையில்லை. ஆனா அதே கோப்பை வெளி ஹாட்டிஸ்க்குக்குக் கொப்பி பண்ணேக்க உதவும். யூஎஸ்பி 2 துளையில செருகிப் போட்டு "ஏன் எல்லாம் நிக்குது" எண்டு கேக்கிறவையைக் கனபேரைக் கண்டிட்டன். அந்தக் கொப்பிக்கு டிடி எண்ட கட்டளையில ஓஃப்ளாக்=டிரெக்ட், பிஎஸ்=4எம் எண்டு போட்டாலும் சரி.

2025 ஓகஸ்ட் 10, பின்னேரம்

எங்கட ரியூசன் சென்ரர் முதலாளிக்கு விளங்கப்படுத்தப் போனன். "சேர்வரில கேஷ் நிரம்பிட்டுது, அதால மந்தம்" எண்டன். மனிசன் சந்தோசமா "நிரம்பட்டும், நிரம்பட்டும்" எண்டிட்டுப் போட்டார்.

2025 ஓகஸ்ட் 11, இரவு

ஏன் எனக்கு உந்த விசயத்தில இவ்வளவு கடுப்பு எண்டு கேட்டிருந்தீங்கள். சொல்லுறன்.

2022 மார்ச் கடைசி. ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு எண்டு அறிவிச்ச காலம். அப்ப நான் லிப்வேர்ட் பாவிக்கேல்லை. கியூஈஎம்யு-வை (வீஎம்மை உண்மையில ஓட்டுற புறோகிறாம் அதுதான்) நேர ஸ்கிறிப்டால ஓட்டுவன். படுக்க வைக்கிறதும் சொந்தச் ஸ்கிறிப்ட்தான்: கியூஈஎம்யு-வுக்குக் கட்டளை குடுக்கிற மொனிற்றரில மைகிறேட், எக்ஸெக், கட், ஒரு கோப்பு. அதாவது கட் எண்ட சின்னப் புறோகிறாம் வீஎம்மின்ர மெமறியை வாங்கிக் கோப்பில எழுதும். முடிஞ்சுது எண்டு வந்தா கியூஈஎம்யு-வை நிப்பாட்டிப் போட்டு ஹோஸ்டைப் படுக்க வைக்கிற வரி. யூபிஎஸ் பற்றரி கிழடு, நாலு நிமிசம் தாங்கினாப் பெரிய காரியம்.

அண்டைக்கு "முடிஞ்சுது" எண்டு வந்தது. கண்ணால பாத்தன். ஹோஸ்ட் நிக்க முதல் யூபிஎஸ் கீச்சிட்டுச் செத்தது. கரண்ட் வந்த பிறகு றீஸ்ரோர் பண்ணினா காசுக் கணக்கு வைச்சிருந்த வீஎம் எழும்பினது, ரெண்டு நிமிசத்தில நீலத் திரை. செக்டிஸ்க் போட்டா என்ரிஎஃப்எஸ் (விண்டோஸ் டிஸ்க்கில கோப்புகளை அடுக்கிற முறை) முழுக்கக் குழம்பிக் கிடக்கு. பிள்ளையளின்ர மூண்டு கிழமைக் காசுக் கணக்கைத் திரும்பக் கையால ஏத்தினன்.

காரணம் கேஷ்தான். கட் எழுதி முடிச்சுது எண்டா றாமுக்கு எழுதி முடிச்சுது எண்டுதான் அர்த்தம். டிஸ்க்குக்குப் போகேல்லை. சேவ் கோப்பு அரைகுறையா நிண்டிட்டுது. அதால "முடிஞ்சுது" எண்டு திரை சொல்லுறதை நம்பாதேங்கோ. பேந்து மெம்இன்ஃபோ-வில (லினக்ஸ் மெமறிக் கணக்கைக் காட்டுற கோப்பு) டேர்ட்டி, றைட்பக் எண்ட ரெண்டு வரியும் இறங்கிற மட்டும் பாத்துக்கொண்டிருங்கோ.

2025 ஓகஸ்ட் 12

இணுவில்காரர் ஒருத்தர் தனிய எழுதிக் கேட்டார்: "லிப்வேர்ட்டும் அப்பிடித்தானோ? சேவ் முடிஞ்சுது எண்டு பொய் சொல்லுமோ?"

நல்ல கேள்வி. எஸ்-ட்றேஸ் (ஒரு புறோகிறாம் உள்ளுக்கு என்ன செய்யுது எண்டு காட்டுற கருவி) போட்டுப் பாத்தன். இல்லை, பொய் சொல்லாது. லிப்வேர்ட் தன்ர ஒரு சின்ன உதவியாளை வைச்சு எழுதுது, ஐஓ-ஹெல்ப்பர் எண்டு பேர். பைபாஸ் போட்டாலும் போடாட்டியும் கடைசியில எஃப்டேட்டாசிங்க் (றாமில நிக்கிறதை டிஸ்க்கில எழுதி முடி எண்ட கட்டளை) அடிச்சுப் போட்டுத்தான் வெளியில வருது. விர்ஷ் சேவ் திரும்பி வந்தா டிஸ்க்கில கிடக்கு எண்டு நம்பலாம். ஆக, நேற்று "திரையை நம்பாதேங்கோ" எண்டது என்ர பழைய ஸ்கிறிப்டுக்குத்தான் பொருந்தும், லிப்வேர்ட் பாவிக்கிறவைக்கில்லை. பைபாஸ் இல்லாட்டி முன்னேற்ற வீதம் கெதியா ஓடி, கடைசியில கனநேரம் அசையாம நிக்கும். அந்த நேரத்தில ஆள் செத்துப்போச்சு எண்டு கொன்ரோல்-சீ அடிக்காதேங்கோ.

இன்னொண்டும் கண்டன். ஓ-டிரெக்ட்டில எழுதிறது அளவு பிசகாத கட்டி கட்டியாத்தான் போகோணும். றாம் தரவு அப்பிடி வெட்டின மாதிரி முடியாது. கடைசிக் கட்டியைச் சுழியத்தால நிரப்பி எழுதிப்போட்டு, பேந்து கோப்பின்ர வாலை வெட்டி விடுது. எழுதினவன் கெட்டிக்காரன்.

அரைகுறைக் கோப்பைக் கண்டுபிடிக்கவும் வழி வைச்சிருக்கினம். எழுதத் துவங்கேக்க கோப்பின்ர முதல் 16 பைட்டில "பார்ட்" எண்டு முடியிற ஒரு அடையாளம் போடும். முழுசும் எழுதி முடிஞ்ச பிறகுதான் அதை "சேவ்" எண்டு மாத்தும். பார்ட் எண்டு கிடக்கிற கோப்பை றீஸ்ரோர் தொடாது.

2025 ஓகஸ்ட் 14

வீஎம்முக்குள்ளயும் ஒரு கேஷ் இருக்கு எண்டதை மறந்திட்டம். ஹோஸ்டில கேஷைத் தவிர்க்க மினக்கெடுறம், உள்ள இருக்கிற வீஎம்மின்ர 8 ஜிபியில பாதிக்கு மேல அதின்ர சொந்தக் கோப்புக் கேஷ். அதையும் ஒரு பைட் விடாம டிஸ்க்கில எழுதுறம். அந்தக் கோப்பெல்லாம் ஏற்கெனவே அதே டிஸ்க்கில வீஎம்மின்ர இமேஜுக்குள்ள (வீஎம்முக்கு டிஸ்க்கா நிக்கிற கோப்பு) கிடக்கு! பழைய பேப்பரை போட்டோக்கொப்பி எடுத்து அதே அலுமாரிக்குள்ள அடுக்கிற வேலை.

என்ர லினக்ஸ் வீஎம்மில சேவுக்கு முதல் ட்றொப்_கேஷஸ் (கேஷை விடுவிக்கிற கட்டளை) அடிச்சுப் பாத்தன். ஃப்ரீ எண்டு 3 ஜிபிக்கு மேல காட்டுது. சேவ் பண்ணினன். கோப்பின்ர அளவு கிட்டத்தட்ட அப்பிடியே. ஒரு பின்னேரம் முழுக்க மண்டையைச் சொறிஞ்சன்.

விடுவிச்ச பக்கத்தைக் கேர்ணல் (லினக்ஸின்ர மூலப் பகுதி) துடைக்காது. "இது வெறுமை" எண்டு பெயர்ப் பலகையை மட்டும் மாத்தும், உள்ளுக்குப் பழைய குப்பை அப்பிடியே. கியூஈஎம்யு வெளியில நிண்டு பாக்குது, அதுக்குப் பலகை தெரியாது. ஒரு 4 கேபி பக்கம் முழுக்கச் சுழியமா இருந்தாத்தான் அதுக்கு விளங்கும். அப்ப அந்தப் பக்கத்துக்கு ஒரு சின்னத் தலைப்பும் ஒரு பைட்டும் மட்டும் எழுதும். குப்பை கிடந்தா 4096 பைட்டும் எழுதும்.

வழி ரெண்டு. ஒண்டு, வீஎம்மின்ர கேர்ணலுக்கு இனிட்_ஓன்_ஃப்ரீ=1 குடுக்கிறது. 5.3-இலயிருந்து இருக்கு. விடுவிக்கேக்கயே துடைக்கும். ஆனா எல்லா நேரமும் துடைச்சுக்கொண்டிருக்கும், அந்தச் செலவு எனக்குப் பிடிக்கேல்லை.

மற்றது பலூன். வேர்ட்ஐஓ பலூன் றைவர் உள்ள இருந்தா, சேவுக்கு முதல் விர்ஷ் செற்மெம்-ஆல 8 ஜிபியை 3 ஆக்குங்கோ. பலூன் உள்ளுக்க ஊதி 5 ஜிபியைப் பிடிக்கும், வீஎம் இடம் விடுறதுக்காகத் தன்ர கேஷைத் தானே எறியும், கியூஈஎம்யு அந்தப் பக்கங்களை ஹோஸ்டுக்குத் திருப்பிக் குடுத்திடும். பிறகு அதுகளை வாசிச்சா சுழியம். கோப்புச் சுருங்கும். எழுப்பின பிறகு திரும்ப 8 ஆக்கவேணும், மறந்திடாதேங்கோ.

விண்டோஸுக்கு ஒரு விசயம். அது ஃப்ரீ பக்கங்களை ஆறுதல் நேரத்தில தானே சுழியமாக்கி வைக்கும். ஆனா கோப்புக் கேஷ் ஸ்ராண்ட்பை எண்ட பட்டியலில கிடக்கும், அதைத் துடைக்காது. அதால அங்கயும் பலூன்தான். கூட ஊதினாலும் பிழை. வீஎம் தன்ர பேஜ்ஃபைலுக்கு (விண்டோஸின்ர ஸ்வப்) எழுதத் துவங்கும். டிஸ்க்கில எழுதாமத் தப்ப வந்த நாங்கள் வேற வாசலால டிஸ்க்கிலயே எழுதிக்கொண்டு நிப்பம்.

ஃப்ரீ பேஜ் றிப்போட்டிங் எண்டு புது வசதியும் இருக்கு. வீஎம்மில கேர்ணல் 5.7, ஹோஸ்டில கியூஈஎம்யு 5.1. வெறுமையான பக்கங்களை வீஎம் தானே அப்பப்ப அறிவிக்கும். அதோட ட்றொப்_கேஷஸ் சேந்தா நான் முதல் எதிர்பார்த்த மாதிரி நடக்கும்.

2025 ஓகஸ்ட் 15

சுன்னாகம் தம்பியின்ர பதில்: "அண்ணை, பைபாஸ் போட்டன். ஹோஸ்ட் இறுகேல்லை, யூடியூப் கூட ஓடுது. ஆனா சேவுக்கு எடுக்கிற நேரம் குறையேல்லை."

குறையாது தம்பி. டிஸ்க் அதே டிஸ்க். 8 ஜிபியை 100 எம்பியால பிரிச்சா 80 செக்கன், ஆர் எழுதினாலும். சேவ் நேரம் குறையவேணும் எண்டா எழுதிற அளவைக் குறைக்கவேணும். நேற்று எழுதினதை வாசியுங்கோ.

2025 ஓகஸ்ட் 17

அளவைக் குறைக்க அமுக்கவும் செய்யலாம். கியூஈஎம்யு.கொன்ஃப் கோப்பில சேவ்_இமேஜ்_ஃபோமற் எண்டதில எல்சொப் (கெதியா அமுக்கிற புறோகிறாம்) போட்டன். சுத்துற டிஸ்க்குக்கு அது பொருத்தம், டிஸ்க் தூங்கிற வேகத்துக்கு சீபியூ சும்மாதான் நிக்குது. ஜிசிப் போட்டா சீபியூ திணறும். எஸ்எஸ்டி எண்டா எல்சொப் கூடத் தேவையோ எண்டு யோசியுங்கோ.

ஒரு எச்சரிக்கை. எல்சொப் எண்ட புறோகிறாம் ஹோஸ்டில இருக்கோ எண்டு முதலே பாருங்கோ. இல்லாட்டிச் சேவ் பிழை எண்டு சொல்லி நிக்கும். அது நிக்கிறது எப்ப? கரண்ட் போன நேரத்தில. எனக்குத் தெரிஞ்சது எப்பிடி எண்டு கேக்காதேங்கோ.

2025 ஓகஸ்ட் 19

எழுதினதுக்கு எதிரா எழுதுறன். எல்லாத்துக்கும் பைபாஸ் போடாதேங்கோ.

எனக்கு இரவில ஒரு வேலை ஓடுது: 1 ஜிபி லினக்ஸ் வீஎம்மைச் சேவ் பண்ணி, இமேஜைக் கொப்பி எடுத்து, உடன திருப்பி எழுப்பிறது. பைபாஸ் போட்ட பிறகு எழும்ப எடுக்கிற நேரம் கூடிட்டுது. ஏனெண்டு யோசிச்சா, முந்தி அந்த 1 ஜிபி கேஷிலயே சூடா நிண்டது, றீஸ்ரோர் றாமிலயிருந்து வாசிச்சது. இப்ப டிஸ்க்கிலயிருந்து வாசிக்குது. உடன திரும்ப வாசிக்கப் போறம், அளவும் சின்னன் எண்டா கேஷ் நல்லது. கரண்டுக்குப் பயந்து படுக்க வைக்கிற பெரிய வீஎம்முக்குத்தான் பைபாஸ். கிடாரக் கதை எழுதேக்க இது ஓடேல்லை. அடுத்த நாளும் சமைக்கிறதா இருந்தா கிடாரம் குசினிக்குள்ளயே இருக்கட்டும்.

2025 ஓகஸ்ட் 20

தம்பி திரும்ப: "வீஎம் எழும்பினா நேற்றைய திகதியில பில் அடிக்குது."

படுத்தவருக்கு விடிஞ்சது தெரியாது. லிப்வேர்ட்-கெஸ்ற்ஸில சிங்க்_ரைம்=1 போடுங்கோ, வீஎம்முக்குள்ள கெஸ்ற் ஏஜென்ற் (ஹோஸ்ட் சொல்லுறதை உள்ளுக்க நிண்டு செய்யிற சின்னப் புறோகிறாம்) இருக்கோணும். கையால எண்டா விர்ஷ் டொம்ரைம் --சிங்க்.

2025 ஓகஸ்ட் 24, இரவு 11.50

இணுவில்காரர் என்னைத் தூங்க விடேல்லை. 11ஆம் திகதி எழுதின 2022 கதையை வாசிச்சுப் போட்டு ஒரே ஒரு கேள்வி: "சேவ் கோப்பு அரைகுறை எண்டா, அது எப்பிடி அண்ணை எழும்பினது?"

மூண்டு வருசமா இது எனக்கு ஓடேல்லை. ஓடை அரைவாசியில அறுந்தா கியூஈஎம்யு ஏற்றேக்கையே பிழை சொல்லி நிண்டிருக்கும். வீஎம் எழும்பினது, ரெண்டு நிமிசம் வடிவா ஓடினது, பிறகுதான் விழுந்தது. அப்ப றாம் கோப்பு முழுசு. எழுதி முடிச்சுச் சிலநேரம் கேர்ணலே அதை டிஸ்க்குக்குத் தள்ளியிருக்கும், அவ்வளவு நேரம் கிடைச்சிருக்கு. மெமறி சரி, டிஸ்க் இமேஜ்தான் பிழை.

பழைய ஹாட்டிஸ்க்கைத் தேடி எடுத்தன், மேல் தட்டில பஞ்சாங்கங்களுக்குக் கீழ கிடந்தது. ஸ்கிறிப்டைத் திறந்தன். டிறைவ் வரியில: கேஷ்=அன்சேஃப்.

விண்டோஸ் இன்ஸ்ரோல் கெதியா முடியட்டும் எண்டு நான்தான் போட்டனான். முடிஞ்ச பிறகு எடுக்க மறந்திட்டன். அன்சேஃப் எண்டா வீஎம் "டிஸ்க்குக்கு எழுதிப்போட்டுச் சொல்லு" எண்டு கேக்கேக்க "எழுதியாச்சு" எண்டு பொய் சொல்லுற முறை. மற்ற முறையள் எண்டா வீஎம்மை நிப்பாட்டேக்க கியூஈஎம்யு டிஸ்க் எல்லாத்தையும் ஒருக்கா ஃப்ளஷ் பண்ணும், அதாவது கேஷில நிக்கிறதை டிஸ்க்குக்குத் தள்ளும். அன்சேஃபில அதையும் விழுங்கிப் போடும். அப்ப படுக்கேக்க இருந்த மெமறி டிஸ்க்கில பத்திரமா, அந்த மெமறி "நான் இதை எழுதிப்போட்டன்" எண்டு நம்புற டிஸ்க் தரவு ஹோஸ்டின்ர கேஷில. யூபிஎஸ் செத்தோட கேஷும் போச்சு. எழும்பின விண்டோஸுக்குத் தன்ர நினைவும் டிஸ்க்கும் ஒத்துப் போகேல்லை, உள்ளதையும் குழப்பி எழுதிச்சுது.

கேஷ்தான் காரணம் எண்டு நான் சொன்னது சரி. எந்தக் கேஷ் எண்டதில மூண்டு வருசம் பிழை. பழி கட்-டில போட்டிருந்தன், பாவம்.

இதே குழப்பம் இன்னொரு வழியாலயும் வரும்: விர்ஷ் சேவ் செய்த கோப்பை ஒருக்கா எழுப்பி, வீஎம் கொஞ்சநேரம் ஓடி, பேந்து அதே கோப்பை இன்னொருக்கா எழுப்பிறது. டிஸ்க் முன்னால போட்டுது, மெமறி பழசு. மனேஜ்ட்சேவ் எண்டா எழும்பினதும் கோப்பைத் தானே அழிச்சிடும். எழும்பின பிறகு சேவ் கோப்பை நீங்கள் கையால அழியுங்கோ.

2025 ஓகஸ்ட் 25

டிஸ்க்குக்கு என்ன போடுறது எண்டு கேக்கிறவைக்கு: கேஷ்=நன். அது இமேஜுக்கு ஹோஸ்ட் கேஷைத் தவிர்க்கும், வீஎம்முக்குள்ள ஒரு கேஷ், ஹோஸ்டில இன்னொரு கேஷ் எண்டு ரெண்டு தரம் வைச்சிருக்கிற வீண் வேலை இல்லை. ஃப்ளஷையும் மதிக்கும். சேவ் கோப்பின்ர பைபாஸும் இதுவும் வேற வேற. ஒண்டைப் போட்டா மற்றது வராது, ரெண்டையும் தனித்தனியாப் போடோணும்.

வெர்ச்சுவல்பொக்ஸ் (வீஎம் ஓட்டுற இன்னொரு புறோகிறாம்) பாவிக்கிறவைக்கு ஸ்ரோறேஜில "யூஸ் ஹோஸ்ட் ஐஓ கேஷ்" எண்டு ஒரு பெட்டி இருக்கும். டிஸ்க் இணைப்பு சாற்றா எண்டா வழமையா நிப்பாட்டித்தான் கிடக்கும், ஐடிஈ எண்டா போட்டுக் கிடக்கும்.

2025 ஓகஸ்ட் 26

மூண்டு பேர் மப்ட்-றாம் பற்றிக் கேட்டிட்டினம். கியூஈஎம்யு 9.0-இல வந்தது, சேவ் கோப்பை எழுதிற புது முறை. பழைய முறையில றாம் ஒரு ஓடையாப் போகும், ஒரே பக்கம் ரெண்டு தரம் மாறினா ரெண்டு தரம் எழுதுப்படும். இதில ஒவ்வொரு பக்கத்துக்கும் கோப்பில நிரந்தர இடம், சுழியப் பக்கத்துக்கு ஓட்டை விடும். ஓ-டிரெக்ட்டுக்கும் பல நூலில ஒரேயடியா எழுதவும் தோதான அமைப்பு. என்ர ஹோஸ்ட் பழசு, இன்னும் பாவிச்சுப் பாக்கேல்லை. பாத்தவை எழுதுங்கோ.

2025 ஓகஸ்ட் 31

தம்பி, 16 ஜிபி வாங்க வைச்சிருந்த காசில யூபிஎஸ்ஸுக்குப் புதுப் பற்றரி போடுங்கோ. பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை மின் உபநிலையத்தில ஒரு குரங்கு ஏறினதுக்கு நாடே இருண்டது. அடுத்த குரங்கு எங்க நிக்குதோ.

இண்டைக்கு ஞாயிறு, சென்ரர் பூட்டு. எல்லா வீஎம்மின்ர எக்ஸ்எம்எல் எண்ட அமைப்புக் கோப்பையும் ஒவ்வொண்டாத் திறந்து அன்சேஃப் எண்டு தேடினன். இன்னும் ஒண்டு கிடந்தது, பரீட்சைப் பெறுபேறு வைச்சிருக்கிறது. மாத்தியாச்சு.